பழைய தோல் தையல் மெஷினுக்குப் புதுப் பெயின்ட் எதற்கு?

பிரிட்டனின் பழம்பொருள் சந்தைகளில் கறுப்பு இரும்பும் தங்கநிறப் பூவேலையுமாக ஒரு தையல் மெஷின் விற்பனைக்கு வந்தால், பல நேரம் அதன்மேல் ‘தோல் தைக்கும் மெஷின்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். கனமாக இருக்கிறது, வயதாகியிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதாரம் ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் அது வீட்டில் துணி தைத்த மெஷின். செருப்பு வாரை அதில் திணித்தால் ஊசி முறியும். விடாமல் தைத்தால் உள்ளுறுப்புகளும் கெடும். நல்ல மெஷின் ஒன்று இப்படி வீணாவது சகிக்க முடியாதது.

செருப்பும் பையும் பழுதுபார்ப்பதற்கென்றே சிங்கர் நிறுவனம் செய்த 29 வரிசை மெஷினை ஒரே பார்வையில் அடையாளம் காணலாம். துணி மெஷினில் துணியை நகர்த்தும் பற்கள் ஊசிக்குக் கீழே தகட்டில் இருக்கும். 29-இல் கீழே பல்லே கிடையாது. மேலிருந்து அழுத்தும் ஃபுட்தான் தோலைக் கவ்வி நகர்த்தும். அந்த ஃபுட்டை முழு வட்டமாகத் திருப்பலாம் என்பதால், பூட்ஸை அசைக்காமலே எந்தத் திசையிலும் தையல் ஓடும். கீழே நீளும் இரும்புக் கை பூட்ஸுக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியானது.

பெயரில் ‘29கே’ என்று இருந்தால், அந்த ‘கே’ கில்போவியைக் குறிக்கும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த சிங்கர் ஆலை அது. 1913-இல் மட்டும் அங்கே சுமார் 13 லட்சம் மெஷின்கள் உருவாயின. 1980-இல் ஆலை மூடப்பட்டது. சிங்கர் என்ற பெயரோடு ரயில் நிலையம் மட்டும் இன்னும் இருக்கிறது. இரும்பில் பொறித்த வரிசை எண்ணின் முன்னெழுத்து ‘எஃப்’ அல்லது ‘ஒய்’ என்றால் கிளைட்பேங்க். ‘ஜி’ என்றால் அமெரிக்காவின் நியூஜெர்சி ஆலை.

அடையாளம் தெரிந்ததும் பலர் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். இங்கேதான் தடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பூவேலைக்குக் காப்பாக மேலே இருப்பது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் அது கரையும். தங்கநிறமும் வெளுத்துப் போகும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, பொறுமையாகத் துடைத்தாலே போதும். எண்ணெய் பிசினாக இறுகி ஓடாமல் நிற்கும் உள்ளுறுப்புகளுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டக் கூடாது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவிட்டு, கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான நோய் வெளியே தெரியாது. ஃபுட்டை நகர்த்தும் நெம்புகோலும் வளையமும் தேயத் தேய, தையலின் நீளம் குறையும். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் போட்ட மெஷின் ஒன்பது, பத்து என்று நெருக்கும். தபால்தலைத் தாளில் ஓட்டை போட்டதுபோல, தோல் அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். ஒல்லிக் கைக்குள், கீழ்நூலைத் தாங்கும் ஷட்டிலை ஓட்டும் பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் தேய்ந்தால் ஊசிக்கும் ஷட்டிலுக்கும் கணக்குத் தவறி, தையல் விட்டுவிட்டு விழும். இந்த உறுப்புகள் புதிதாகச் செய்து இன்றும் விற்கப்படுகின்றன. பெயின்ட்டுக்குச் செலவழிக்கும் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். ஊசிக் கம்பியின் வழியே நூலைக் கீழே இழுக்கும் நீளக் கம்பி தொலைந்திருந்தால் அதையும் வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் நூல் கோப்பது பெரும்பாடு.

பிரிட்டனின் ஆல்செயின்ட்ஸ் துணிக்கடைகள் நூற்றுக்கணக்கான பழைய தையல் மெஷின்களைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கின. கண்ணுக்கு அழகுதான். ஆனால் அதே நாட்டில் ‘டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு, பழைய கருவிகளையும் தையல் மெஷின்களையும் சரிசெய்து ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு அனுப்புகிறது. பின்பற்ற வேண்டிய வழி இரண்டாவதுதான். கிளைட்பேங்க் அருங்காட்சியகத்தில் ஒரு 29கே பத்திரமாக இருந்தால் சரித்திரத்துக்கு அது போதும்; மற்றவை செருப்பு தைக்கட்டும்.

தோல் தைக்க சீனாவிலிருந்து மலிவாக வரும் கைச்சுற்று மெஷின் இருக்கிறதே என்று கேட்கலாம். சுமாரான வேலைக்கு அது உதவும். ஆனால் வாங்கியவரே அதன் சொரசொரப்பை அரத்தால் தேய்த்துச் சீராக்கிய பிறகே நூல் அறாமல் ஓடும் என்பது பலரின் அனுபவம். பழைய மெஷின் விற்பவர்களும் ஒன்று செய்யலாம்: விலையோடு மாடல் எண், வரிசை எண், ஒரு தோல் துண்டில் போட்ட தையலின் படம் மூன்றையும் சேர்த்து வெளியிடலாம்.