வாயிலோனும் வாரும்

பூவிருந்தவல்லி, அம்பத்தூர் முறைமன்றங்களில் வழக்காடுவோர் பெயரை வாயிலில் நின்று கூவியழைப்பவரை நம் மக்கள் 'டவாலி' என்கின்றனர். அஃது அவர் தோளிற் பூணும் வாருக்குரிய பாரசீகப் பெயர்! சென்னை உயர்முறைமன்றத்தில் நடுவர்க்கு முன்செல்வார் 'சோப்தார்'. கோலேந்துவார் என்பதே பொருள். ஆங்கிலரின் 'அஷர்' என்னும் சொல்லோ வாயிலைக் குறிக்கும் இலத்தீன் வேரினது. வெள்ளையன் போயினான், வார் போகவில்லை.

பணியை விடுத்து வாரால் ஒருவரை அழைத்தல் இழிவன்றோ? கண்ணகி வந்து நின்றதை மன்னனுக்கு அறிவித்தவன் சிலம்பின் வாயிலோன். தலைவன் தலைவியரிடையே நின்று ஊடல் தீர்ப்போரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்னும். அடுத்த ஆளெடுப்பு அறிக்கையிலேனும் 'கோலேந்தி', 'வாயிலோர்' என்றே அச்சிடுக!