காத்திருக்கும் நேரமும் பிரயாணமே

விமானம் மாறுவதற்காகக் கிடைக்கும் சில மணி நேரத்தை நாற்காலியில் சாய்ந்து உறங்கிக் கழிப்பது, அரிய சந்தர்ப்பமொன்றை நாமே கைநழுவ விடுவதாகும். மாலத்தீவின் பிரதான விமான நிலையம் ஹுல்ஹுலே என்னும் தனித் தீவில் அமைந்திருப்பினும், 2018-இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்தின் வழியே தலைநகர் மாலேயைச் சிறிது நேரத்தில் அடைந்துவிடலாம். அங்கே 1658-இல் பவளக் கற்களைச் செதுக்கிப் பொருத்தி எழுப்பிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சித்திர வேலைப்பாட்டை, ஆரணியை அடுத்த சேவூரில் பட்டு நெய்யும் ஒருவர் காண்பாராயின், இழையறிந்த அவர் கண்கள் தம் தொழிலுக்குரிய பொறுமையையும் சிரத்தையையும் அதில் உடனே இனங்காணும். ஆதலின், நுழைவு விதிகளை முன்னரே விசாரித்து, திரும்புவதற்குரிய அவகாசத்தையும் ஒதுக்கிக்கொண்டு, வெளியே சென்று பிறநாட்டார் கைத்திறனைக் கண்டு வருவதே பிரயாணத்தின் மெய்யான பிரயோஜனம் என்பது என் திடமான அபிப்பிராயம்.