ஆய்வாளரும் உழைப்பாளரே

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சி.வி.ராமனின் கண்டுபிடிப்பு நினைவுகூரப்படுகிறது. உலகின் அறிவுத் தலைமையை இந்தியா எட்டிவிடும் என்று ஆட்சியாளர்கள் முழங்குகிறார்கள். ஆனால் அந்த அறிவை அன்றாடம் உருவாக்குவோர் யார், எத்தகைய நிலைமைகளில் அவர்கள் உழைக்கிறார்கள் என்ற கேள்வி அந்த மேடைகளில் எழுவதே இல்லை. நள்ளிரவிலும் ஆய்வகத்தில் கருவிகளைக் காத்திருந்து இயக்குவோர், கிராமம் கிராமமாகச் சென்று தரவுகளைத் திரட்டுவோர், ஆவணக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் தாள்களைப் புரட்டுவோர் ஆகியோரே இந்த நாட்டின் ஆராய்ச்சியைத் தாங்கி நிற்பவர்கள். ஆய்வு மாணவர், திட்டப் பணியாளர், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் என்று அவர்களுக்குப் பெயர்கள் பல. பாதுகாப்பற்ற வாழ்வு மட்டும் அனைவருக்கும் பொதுவானது.

உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வறிக்கையின்படி, 2014-15இல் 1.17 லட்சமாக இருந்த முனைவர் பட்ட ஆய்வாளர் எண்ணிக்கை 2021-22இல் 2.12 லட்சமாக உயர்ந்தது. இவர்களில் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் பெண்கள். இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு சமூக மாற்றமும் இருக்கிறது. இடஒதுக்கீட்டுக்காகவும் பொதுக்கல்விக்காகவும் நடைபெற்ற நெடிய போராட்டங்களின் விளைவாக விவசாயத் தொழிலாளர், கைவினைஞர், சிறு விவசாயி குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறை ஆய்வாளர்கள் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்துள்ளனர். இவர்களுக்கு ஆய்வு உதவித்தொகை என்பது கைச்செலவுப் பணமன்று. ஊரிலிருக்கும் குடும்பத்தையும் சேர்த்துத் தாங்கும் வருமானம் அது.

இவர்களது பணிநிலை என்ன? வேலை வாங்கும்போது பணியாளர். உரிமை கேட்கும்போது மாணவர். இந்த இரட்டை நிலையே நிர்வாகங்களுக்கு வசதியாக இருக்கிறது. முனைவர் பட்டம் தொடர்பாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள், ஆய்வு மாணவர்களுக்கு வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றை ஒதுக்கலாம் என்கின்றன. கற்பிக்கக் கற்றுக்கொள்வது நல்லதே. ஆனால் ஆசிரியர் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கும் நிலையில், இத்தகைய பயிற்சி எளிதில் இலவச உழைப்பாக மாறிவிடுகிறது. தேர்வுக் கண்காணிப்பு, கருத்தரங்க ஏற்பாடு, அலுவலகக் கோப்பு வேலை, சில இடங்களில் நெறியாளரின் வீட்டு வேலை என்று அது நீள்கிறது. வேலை நேரத்துக்கு வரையறை இல்லை; கூடுதல் வேலைக்கு ஊதியமும் இல்லை.

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2010இல் 16 ஆயிரம் ரூபாய், 2014இல் 25 ஆயிரம், 2019இல் 31 ஆயிரம், 2023 ஜனவரி முதல் 37 ஆயிரம் என உயர்ந்துள்ளது. இந்த உயர்வுகள் தாமாகக் கனியவில்லை. தில்லியிலும் நாடெங்கும் உள்ள ஆராய்ச்சி நிறுவனங்களிலும் ஆய்வாளர்கள் வீதிக்கு வந்து குரலெழுப்பிய வரலாறு இவற்றுக்குப் பின்னால் உண்டு. ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் இடையே விலைவாசி எவ்வளவு ஏறினாலும் தொகை அசைவதில்லை. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும் அகவிலைப்படி ஆய்வாளருக்குக் கிடையாது.

இதுவும் கிடைக்காதவர்களே மிகுதி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மாதம் 8 ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. 2012இல் நிர்ணயிக்கப்பட்ட இந்தத் தொகை பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் உயரவில்லை. நாள் கணக்கில் பார்த்தால் 267 ரூபாய். தலைநகர் தில்லியில் திறன்சாராத் தொழிலாளருக்கு அரசே நிர்ணயித்துள்ள குறைந்தபட்ச மாத ஊதியம் 18 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். முதுகலைப் பட்டம் முடித்து, நுழைவுத் தேர்வில் வென்று, முழுநேரமும் உழைக்கும் ஆய்வாளர் அதில் பாதியைக்கூடப் பெறுவதில்லை. 2015 அக்டோபரில் இந்த 8 ஆயிரத்தையும் பறிக்க மானியக் குழு முடிவெடுத்தது. அதன் அலுவலக வாயிலில் மாணவர்கள் தடியடியையும் குளிரையும் தாங்கி நடத்திய முற்றுகைப் போராட்டமே அந்தத் தொகையைக் காப்பாற்றியது.

அறிவிக்கப்பட்ட தொகையும் உரிய நாளில் வந்து சேர்வதில்லை. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே அதைப் பெற்றுவந்தவர்களும் மாதக்கணக்கில் நிலுவைக்காக அலைய நேர்ந்தது. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுவோரும் இவ்வாறே காத்திருக்க வைக்கப்பட்டனர். உதவித்தொகை தாமதமாகும்போது அறை வாடகை நிலுவையாகிறது. உணவுக்கூடக் கணக்கு கடனாகிறது. வட்டிக்குக் கடன் வாங்க நேரிடுகிறது. உண்ணும் உணவே உறுதியில்லாதபோது ஆய்வில் மனம் ஒன்றுவது எங்ஙனம்?

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவின் உதவித்தொகை 2015 ஜூலை முதல் நிறுத்தப்பட்டது. சக தலித் மாணவர்களுடன் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தமக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடும்படி அவரது கடைசிக் கடிதம் கேட்டுக்கொண்டது. ஓர் ஆய்வாளரின் மனநலம் என்பது சாதியிலிருந்தும், ஊதியத்திலிருந்தும், நிர்வாகத்தின் அதிகாரத்திலிருந்தும் தனித்துப் பிரிக்கக்கூடியதன்று என்பதை இதைவிடத் துயரமாகச் சொல்ல இயலாது.

ஆய்வு மாணவரின் வாழ்வு பெருமளவு ஒரே ஒரு மனிதரின் கையெழுத்தில் தொங்குகிறது. வருகைச் சான்று, உதவித்தொகைப் படிவம், ஆண்டு முன்னேற்ற அறிக்கை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒப்புதல், பின்னர் வேலைக்கான பரிந்துரைக் கடிதம் ஆகிய அனைத்தும் நெறியாளரிடமே. பெரும்பாலான நெறியாளர்கள் அக்கறையோடு நடந்துகொள்வோரே. ஆயினும் ஒருவரின் நல்லியல்பை மட்டும் நம்பி நிற்பது உரிமை ஆகாது. முறைகேடு நிகழும்போது புகார் செய்தால் ஐந்தாண்டு உழைப்பு வீணாகும் என்ற அச்சம் வாயடைக்கிறது. தலித், பழங்குடி, சிறுபான்மை ஆய்வாளர்களுக்கும் பெண்களுக்கும் அந்த அச்சம் பன்மடங்கு. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. ஆனால் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர், ஆசிரியர் பிரதிநிதிகளோடு இயங்கிவந்த பாலின நிகர்நிலைக் குழு 2017இல் கலைக்கப்பட்டது. அந்த இடத்தில் நிர்வாகம் நியமிக்கும் குழு அமர்த்தப்பட்டது. நிர்வாகத்தை விசாரிக்க வேண்டிய குழுவை நிர்வாகமே நியமித்தால், பாதிக்கப்பட்டவர் யாரிடம் செல்வார்?

இத்தகைய நிலைமைக்கு நிர்வாகங்கள் முன்வைக்கும் மருந்து என்ன? யோகா முகாம், மன அழுத்த மேலாண்மைச் சொற்பொழிவு, நேர நிர்வாகப் பயிற்சி, தொலைபேசி உதவி எண். இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம். உளவியல் ஆலோசனையும் மனநல மருத்துவமும் ஏளனத்துக்குரியவை அல்ல. தகுதிபெற்ற ஆலோசகர் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர்கள் காக்கப்படும். எனவே ஒவ்வொரு வளாகத்திலும் நிரந்தர ஆலோசகர்கள் நியமிக்கப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. எதிர்க்கப்பட வேண்டியது வேறு. துன்பத்தின் காரணம் ஆய்வாளரின் உள்ளத்தில் மட்டுமே இருப்பதாகக் காட்டி, நிலுவைத் தொகையையும் நெறியாளரின் கொடுமையையும் வேலையின்மையையும் கண்ணிலிருந்து மறைக்கும் சூழ்ச்சியே அது. சம்பளம் கொடுக்காத முதலாளி தொழிலாளிக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் தற்கொலைகளைக் கவனத்தில் கொண்ட உச்சநீதிமன்றம், 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. பிரச்சனையின் தீவிரத்தை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்பது இதன் பொருள். எனினும் பணிக்குழுக்களின் பரிந்துரைகள் வளாகத்துக்குள் நடைமுறையாவது அங்கே அமைப்பாகத் திரண்டோரின் வலிமையைப் பொறுத்தே அமையும்.

ஆய்வாளரின் தொழில்சார் வளர்ச்சியும் இவ்வாறே பேச்சளவில் நிற்கிறது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களும் நிதி நல்கும் அமைப்புகளும் 2019இல் ஏற்றுக்கொண்ட உடன்பாடு, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்கள் பணி நேரத்திலேயே திறன் வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவில் திட்டப் பணியாளருக்கு அத்தகைய ஒரு நாளைக்கூட எந்த விதியும் உறுதி செய்வதில்லை. கருத்தரங்குக்குச் செல்லும் பயணச் செலவும் பயிலரங்குக் கட்டணமும் பெரும்பாலும் அவரது சட்டைப்பையிலிருந்தே போகின்றன. ஆனால் பிரிட்டனின் அனுபவம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. அங்கும் ஆய்வுப் பணியாளர்களில் பெரும்பாலோர் குறுகிய கால ஒப்பந்தத்திலேயே இருக்கின்றனர். அதை எதிர்த்துப் பல்கலைக்கழக ஊழியர் சங்கம் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பணியிடமே இல்லாதபோது பயிற்சிச் சான்றிதழ்கள் வேலைதேடுவோர் வரிசையை நீட்டிக்க மட்டுமே உதவும்.

பிரச்சனையின் வேர் நிதிக் கொள்கையில் உள்ளது. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. சீனாவில் இது 2.4 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. 2023இல் சட்டமாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50 ஆயிரம் கோடி ரூபாய் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதில் 36 ஆயிரம் கோடி அரசு சாரா வழிகளிலிருந்து வரும் என்பதே திட்டம். 2025இல் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் வழங்குவதற்கானது. கார்ப்பரேட்டுகளுக்கு லட்சம் கோடி. ஆய்வாளருக்கோ 8 ஆயிரம், அதுவும் தவணை தவறி. நிரந்தரப் பணியிடங்களுக்கு நிதி மறுக்கப்பட்டு, அனைத்தும் குறுகிய காலத் திட்டங்களாக மாற்றப்படுகின்றன. திட்டம் முடியும் நாளில் பணியாளரும் வெளியேற்றப்படுகிறார்.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். 2022 நவம்பர் 14 அன்று அங்கே 48 ஆயிரம் ஆய்வாளர்களும் கற்பித்தல் உதவியாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆய்வு மாணவர், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், திட்ட ஆய்வாளர் என்ற பிரிவினைகளைக் கடந்து ஒரே தொழிற்சங்கத்தின் கீழ் நின்றனர். வேலைநிறுத்தம் முற்றிலும் முடிவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. ஊதிய உயர்வோடு, குழந்தைப் பராமரிப்பு உதவியும், பணியிடத்தில் இழிவுபடுத்தலுக்கும் மிரட்டலுக்கும் எதிரான பாதுகாப்பும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. நலவாழ்வு அங்கே அறிவுரையாக வழங்கப்படவில்லை. கூட்டுப்பேரத்தின் வழியே உரிமையாக வென்றெடுக்கப்பட்டது.

இந்தியாவிலும் கோரிக்கைகள் தெளிவாக உள்ளன. ஆய்வு உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட நாளில் வழங்கப்பட வேண்டும். விலைவாசிக் குறியீட்டோடு அது இணைக்கப்பட வேண்டும். நெட் அல்லாத உதவித்தொகையை உயர்த்தி மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். நிறுத்தப்பட்ட மௌலானா ஆசாத் உதவித்தொகை மீட்கப்பட வேண்டும். திட்டப் பணியாளருக்கு எழுத்துவடிவ ஒப்பந்தம், வருங்கால வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு, ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, பணி நேரத்துக்குள் பயிற்சி நாட்கள் ஆகியவை உறுதி செய்யப்பட வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமையும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் குறைதீர் குழுக்களும் வேண்டும். காலிப் பணியிடங்கள் இடஒதுக்கீட்டு விதிகளின்படி நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகள் வெற்றி பெறுவதற்கு இடதுசாரி இயக்கமும் தன் அணுகுமுறையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளர்களை நாளைய பேராசிரியர்களாகவோ வசதியான நடுத்தர வர்க்கமாகவோ கருதி ஒதுக்கும் மனப்போக்கு தோழர்கள் சிலரிடம் உண்டு. மனச்சோர்வு என்பது உறுதியின்மையின் அடையாளம், போராட்டத்தில் இறங்கினால் தானே தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் ஆங்காங்கே தென்படுகிறது. இரண்டுமே தவறு. சோர்ந்து நிற்கும் தோழரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், அவரது சோர்வுக்குக் காரணமான நிர்வாகத்தின் வாயிலில் கொடியேற்றுவதும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

பல்கலைக்கழகங்கள் உள்ள நகரங்களில் பணியாற்றும் கட்சிக் கிளைகள் இதை உடனடிப் பணியாகக் கொள்ளலாம். மாணவர், ஆசிரியர், அலுவலக ஊழியர், துப்புரவு மற்றும் பாதுகாப்புப் பணியாளர் அமைப்புகளோடு ஆய்வாளர்களையும் ஒரே கூட்டு மேடையில் இணைப்பது முதல் படி. எத்தனை பேருக்கு எத்தனை மாத உதவித்தொகை நிலுவையில் உள்ளது என்று ஒவ்வொரு துறையிலும் கணக்கெடுப்பது அடுத்த படி. அந்தக் கணக்கைக் கையில் ஏந்தி நிர்வாகத்தின் முன் நிற்கும்போது, தனியறையில் தன்னையே நொந்துகொண்டிருந்த ஆய்வாளர் தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்று உணர்வார். அந்த உணர்விலிருந்தே சங்கம் பிறக்கும்.