குரல் கிடைக்காத கதைகள்

'பனானா ஃபிஷ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் கதை பெரும்பாலும் நியூயார்க்கில் நடக்கிறது. அகிமி யோஷிதா 1985 முதல் 1994 வரை வரைந்த மங்கா சித்திரக்கதையை மாப்பா ஸ்டூடியோ 2018இல் 24 எபிசோடுகளாக எடுத்தது. நாயகன் ஆஷ் அந்நகரத்துத் தெருக்களில் ஒரு கும்பலை நடத்தும் இளைஞன். அவனைச் சுற்றியிருப்பவர்களில் அநேகரும் அமெரிக்கர்கள். ஜப்பானிலிருந்து வந்து சேரும் எய்ஜிகூட அவர்களோடு ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். ஆங்கில டப்பிங்குக்கென்றே பிறந்த அனிமே என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். ஆனால் அமேசான் பிரைமில் அது வெளியாகிப் பல ஆண்டுகள் வரை ஆங்கிலக் குரல் இல்லை, சப்டைட்டில் மட்டுமே. மூலத்துக்கு மரியாதை, பெயர்க்க முடியாத பண்பாடு என்று வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் எதுவும் இங்கே செல்லுபடியாகாது. சில அனிமேக்கள் சப்டைட்டிலோடு மட்டும் வெளிவருவது கலை குறித்து எடுக்கப்பட்ட முடிவு என்ற நம்பிக்கை ரசிகர்களிடம் ஆழமாக இருக்கிறது. அது வரவு செலவு பார்த்து எடுக்கப்பட்ட முடிவு என்பதே நம் வாதம்.

சப்டைட்டிலுக்கு வேண்டியது ஒரு மொழிபெயர்ப்பாளர், வரிகளை நேரத்தோடு பொருத்துகிறவர், சரிபார்க்க ஒருவர். வசனப் பிரதி கையில் இருந்தால் சில நாள் வேலை. டப்பிங்கில் அந்த மொழிபெயர்ப்பு வெறும் தொடக்கம். உதட்டசைவின் நீளத்துக்கு ஏற்ப வசனத்தைத் திரும்ப எழுத வேண்டும். டப்பிங் இயக்குநர், ஒலிப்பதிவாளர், ஒலிப்பதிவுத் தியேட்டர் வாடகை, தனித்தனியாக வந்து பேசிப்போகும் பத்திருபது கலைஞர்கள், கடைசியில் ஒலிக்கலவை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஜப்பானியத் தரப்பின் ஒப்புதலும் வேண்டும். பழைய படைப்பென்றால் இன்னொரு சிக்கல்: இசையும் பின்னணி ஓசையும் மட்டும் அடங்கிய தனித் தடம் பத்திரமாக இருக்க வேண்டும். அது தொலைந்திருந்தால் வசனத்தை மட்டும் பிரித்தெடுப்பது கடினம், பெரும்பாலும் ஓசைகளையும் புதிதாக உண்டாக்க வேண்டியதுதான். இவ்வளவு செலவையும் உரிமம் காலாவதியாவதற்குள் மீட்டாக வேண்டும். அதுவும் எல்லாப் பார்வையாளர்களிடமிருந்தும் அல்ல. சப்டைட்டில் இருந்தாலே பார்த்துவிடுகிறவர் டப்பிங் இருந்தாலும் அதே காசைத்தான் தருவார். டப்பிங் இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்கிற புதுப் பார்வையாளர் எத்தனை பேர்? நிறுவனங்கள் கேட்டுக்கொள்வது இந்த ஒரு கேள்வியை.

இதற்குத் தெளிவான சான்று 'லெஜெண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்'. யோஷிகி தனாகாவின் நாவல்களிலிருந்து 1988க்கும் 1997க்கும் இடையே வீடியோவாகவே வெளிவந்த 110 எபிசோடுகள், கணக்கற்ற பாத்திரங்கள். 2018இல் வட அமெரிக்காவில் சென்டாய் நிறுவனம் முழுத் தொடரையும் சுமார் 800 டாலர் விலையில் ப்ளூ-ரே பெட்டியாக வெளியிட்டபோது அதில் ஜப்பானியக் குரல் மட்டுமே இருந்தது. அதே ஆண்டு அதே நாவல்களின் புதிய திரைவடிவம் 12 எபிசோடுகளாக வந்தது, உடனே ஃபனிமேஷன் நிறுவனம் அதற்கு ஆங்கில டப்பிங் செய்தது. மூலம் ஒன்றுதான், பண்பாடும் ஒன்றுதான். மாறியது எபிசோடுகளின் எண்ணிக்கையும் எதிர்பார்த்த கூட்டமும். நீளம்தான் காரணம் என்று யாராவது சொன்னால், ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டிய 'ஒன் பீஸ்' ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பதைக் காட்டலாம். அங்கே கூட்டம் இருக்கிறது. 'டொரடோரா' 2010இல் அமெரிக்காவில் சப்டைட்டிலோடு மட்டும் விற்கப்பட்டு, 2014இல் டப்பிங்கோடு மறுபடி வந்தது. நான்காண்டில் அந்தக் காதல் கதை திடீரென்று மொழிபெயர்க்கத் தக்கதாக ஆகிவிடவில்லை. வாங்க ஆள் இருப்பது தெரிந்தது, அவ்வளவே.

டப்பிங்கைச் சுமந்தது நெடுங்காலம் தொலைக்காட்சி. எழுத்து ஓடும் படத்தைச் சேனல்கள் பெரும்பாலும் வாங்கவில்லை. 1978இல் பிரான்ஸின் சிறுவர்கள் 'கோல்டோராக்' அனிமேயைப் பார்த்தது பிரெஞ்சில். 2001இல் 'கவ்பாய் பீபாப்' அமெரிக்காவின் அடல்ட் ஸ்விம் ஒளிபரப்புக்குப் போனது ஆங்கிலத்தில். வீடியோ கேசட் காலத்தில் டப்பிங் கேசட் தனி, சப்டைட்டில் கேசட் தனி. வாங்குகிறவர் குறைவு என்பதால் சப்டைட்டில் கேசட்டுக்குத்தான் பெரும்பாலும் விலை அதிகம். டிவிடி வந்து இரண்டையும் ஒரே வட்டில் சேர்த்தது. அதன்பின் டப்பிங் இல்லாத வட்டு அரைகுறைச் சரக்காகத் தெரிந்தது. 2007க்குப் பிறகு ஜெனியன், ஏடிவி போன்ற அமெரிக்க அனிமே நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்ததும் செலவைக் குறைக்க முதலில் கைவைத்தது டப்பிங்கில். 2009இல் க்ரஞ்சிரோல் இணையதளம் முறையான உரிமத்தோடு, ஜப்பானில் ஒளிபரப்பான வேகத்திலேயே சப்டைட்டில் எபிசோடுகளைத் தரத் தொடங்கியது. பருவத்துக்குப் பருவம் வந்து குவியும் தொடர்களில் டப்பிங் சிலவற்றுக்குத்தான் என்பது அதன்பிறகு வழக்கமாகிவிட்டது.

மூலக்குரலே கலை, டப்பிங் அதன் நகல் என்பவர்களின் எதிர்வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2004இல் அமெரிக்காவின் 4கிட்ஸ் நிறுவனம் 'ஒன் பீஸை'க் கத்தரித்து, அதில் வரும் சாஞ்சியின் வாயிலிருந்த சிகரெட்டை லாலிபாப்பாக மாற்றியதைப் பார்த்தவர்களுக்கு டப்பிங் மேல் அவநம்பிக்கை வந்ததில் வியப்பில்லை. ஆனால் வரைந்த முகத்துக்குச் சொந்தக்குரல் என்று ஒன்று கிடையாது. ஜப்பானிலும் நடிகர்கள் தயாரான படத்தை, பல சமயம் பாதி முடிந்த படத்தை, திரையில் பார்த்துத்தான் பேசுகிறார்கள். சப்டைட்டிலும் மூலத்தை அப்படியே தந்துவிடுவதில்லை. வாசிக்கிற வேகத்துக்காகப் பேச்சைச் சுருக்குகிறது, வரைந்தவர் பார்க்கச் சொன்ன இடத்திலிருந்து கண்ணைத் திரையின் அடிப்பகுதிக்கு இழுக்கிறது. பார்வை மங்கியவர்களும் வேகமாக வாசிக்க முடியாதவர்களும் சிறுவர்களும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். சப்டைட்டிலில் பார்ப்பதை ரசனையின் உயர்வாகச் சொல்லிக்கொள்வது, நிறுவனம் மிச்சம் பிடித்த காசுக்கு ரசிகர் தரும் நற்சான்றிதழ்.

செலவுதான் தடை என்றால் இயந்திரம் பேசிவிடட்டுமே என்பது புதிய யோசனை. வேறு வகையில் டப்பிங் கிடைத்திருக்காத படைப்புகளுக்கு மட்டும் என்று சொல்லித்தான் அமேசான் 2025இல் செயற்கை நுண்ணறிவு டப்பிங்கை வெள்ளோட்டம் விட்டது. ஆண்டு இறுதியில் 'பனானா ஃபிஷ்'ஷுக்குக் கிடைத்தது அந்தக் குரல்தான். உணர்ச்சியே இல்லாத பேச்சைக் கேட்டு ரசிகர்களும் குரல் கலைஞர்களும் கொதித்தெழ, ஆங்கிலத் தடம் சில நாட்களில் நீக்கப்பட்டது. ஒரு நடிகருக்குக் கூலி கொடுக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கிய படைப்பின் மேல் எதையாவது ஒட்டிவிடலாம் என்கிற மனநிலையைத்தான் அதில் பார்க்க முடிந்தது. இதற்குச் சப்டைட்டிலே மேல்.

தமிழும் இப்போது இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ் பேசியபடியே திரையரங்குகளுக்கு வந்தது. நல்லது. ஆனால் தமிழ்க் குரல் கிடைப்பது பெரும்பாலும் சண்டையும் கூட்டமும் உள்ள படைப்புகளுக்கே. நிதானமாகப் போகும் கதைகளும் பெரியவர்களுக்கான கதைகளும் நமக்குச் சப்டைட்டிலோடுதான் வருகின்றன, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இரண்டு அந்நிய மொழிகளைத் தாண்டித்தான் தமிழர் அங்கே போக வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் தமிழில் பேச வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. டப்பிங்குக்குக் கட்டுப்படியாகாது என்பதை ஏற்கலாம், தமிழ் சப்டைட்டிலுக்குக் கட்டுப்படியாகாது என்பதை ஏற்க முடியாது. ஜப்பானியம் தெரிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுத்து, அவர் பெயரைத் திரையில் போட்டு, தமிழ் வரிகளோடு இந்தப் படைப்புகளை வெளியிடுங்கள் என்று ஓடிடி நிறுவனங்களுக்கு எழுதுங்கள். சந்தா கட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு.