திறமை ஆட்டமாம், வெங்காயம்!

திருவொத்தியூர் தேரடி டீக்கடையில நேத்தும் ஆரம்பிச்சான் நம்ம நண்பன். "மச்சி, போக்கர் சூதாட்டம் இல்லடா, ஸ்கில்லு. கோர்ட்டே சொல்லிருச்சு."

சொல்லுச்சுதான், ராசா. ரம்மி பெரும்பாலும் திறமைன்னு 1967ல சுப்ரீம் கோர்ட், ஒரு செகந்திராபாத் கிளப் வழக்குல. போக்கரும் அப்படித்தான்னு 2023 நவம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம். ஆனா அந்த 1967 தீர்ப்புலயே, ஆட்டத்துல இருந்து கிளப்காரன் லாபம் பாத்தா குற்றமாகலாம்னும் இருக்கே, அதை ஏன்யா எவனும் சொல்றதில்ல?

2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடைச் சட்டம் போட்டுச்சு. அய்யா உடனே ராயபுரத்துல ஒரு ரூமுக்கு மாறிட்டாரு.

கணக்கு போடுவோம். ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம். ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேர்றது 600 ரூபா, ரூம்காரன் கமிஷன் 5 சதவீதம், அதாவது 30. நூறு ஆட்டம் முடிஞ்சா 3000 காலி. ஆறு பேருமே கில்லாடியா இருந்தாலும் மேசையில மிச்சம் பாதிதான். இதுல நீ ஜெயிக்கணும்னா உன்னைவிட மோசமா ஆடுறவன் வீட்டு அரிசிக்காசு வேணும். அப்படி ஒருத்தன் மேசையில தெரியலன்னா, அது நீதான்.

திறமையே இல்லன்னு சொல்லல. மோசமான கையைக் கீழ போடத் தெரியணும், எதிராளி எப்ப பொய் சொல்றான்னு தெரியணும். எல்லாத்துக்கும் மேல எழுந்திருக்கத் தெரியணும். எனக்குத் தெரியல. விட்டதைப் பிடிக்கிறேன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து, பைக் வாங்க வச்சிருந்த 40,000 போச்சு. வீட்ல இன்னும் சொல்லல.

நாளைக்கும் டீ என் கணக்கு மச்சி. ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிடாத.