ஆறு வயதுப் பல்லைக் காப்பாற்றுங்கள்!

பிள்ளைக்கு முதல் பால் பல் விழுந்தால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பல்லைச் சாணியில் வைத்து உருட்டுவார்கள். கூரை மேல் எறியச் சொல்வார்கள். புதுப்பல் அழகாக முளைக்க வேண்டும் என்று ஆசை! பிள்ளையின் பொக்கை வாயைப் பார்த்து வீடே சிரிக்கும்.

ஏறக்குறைய அதே சமயத்தில், அதே வாயில், இன்னொரு காரியமும் நடக்கிறது. அதை யாரும் கவனிப்பது இல்லை. கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், ஒரு பெரிய கடைவாய்ப் பல் ஈறைப் பிளந்துகொண்டு வருகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. ஆக நான்கு பற்கள். இவை முளைப்பதற்காக எந்தப் பல்லும் விழுவது இல்லை. ஆகவே, புதுப்பல் வந்திருப்பதே பெற்றோருக்குத் தெரிவது இல்லை.

இதற்கு "ஆறு வயதுப் பல்" என்று பெயர். 6 வயதை ஒட்டி முளைப்பதால் இந்தப் பெயர் வந்தது. இது பால் பல் அல்ல. கிழவன் ஆகும் வரை வாயில் இருக்க வேண்டிய பல். இது போனால் போனதுதான்.

பல் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காணும் காட்சி இது: ஒரு தாய், மகனைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள். பையனுக்கு 10 வயது இருக்கும். கன்னம் வீங்கி இருக்கிறது. இரவெல்லாம் தூங்கவில்லை.

"பால் பல்தானே டாக்டர், பிடுங்கி விட்டுடுங்க. வேற முளைச்சிடும்" என்கிறாள் தாய்.

"இல்லம்மா. இதுக்கு அப்புறம் வேற பல் கிடையாது" என்கிறார் டாக்டர்.

தாய் திகைத்துப் போகிறாள். முளைத்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. அறுபது, எழுபது வருடம் உழைக்க வேண்டிய பல், பையன் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் சொத்தையாகி விட்டது! அவள்மீது குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எண்ணிப் பாருங்கள்

பால் பற்கள் மொத்தம் 20. முதல் பல் 6 மாத வாக்கில் முளைக்கும். 3 வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். மேலே 10, கீழே 10. அதாவது, நடுவில் இருந்து ஒரு பக்கத்துக்கு 5 பற்கள்.

பிள்ளைக்கு 6 வயது ஆனதும் வெயில் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவில் இருந்து எண்ணிக்கொண்டே உள்ளே போங்கள். முன்பல் விழுந்து இடைவெளி இருந்தால், அதையும் ஒரு பல்லாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக ஒரு பல் எட்டிப் பார்க்கிறதா? அதுதான்! சில பிள்ளைகளுக்கு 7 வயதிலும் வரும். பயப்பட வேண்டாம்.

இந்தப் பல் ஏன் சீக்கிரம் கெடுகிறது? அதன் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கின்றன. தின்ற பண்டம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு, இந்தப் பல் முழு உயரத்துக்கு வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து இருக்கும். பிள்ளை பல் தேய்க்கும்போது பிரஷ் அதைத் தொடாமல் மேலேயே ஓடிவிடும்.

புழு கிடையாது

"பல்லில் புழு விழுந்திருக்கிறது" என்று சொல்வார்கள். புழுவே கிடையாது. புகை போட்டுப் புழு எடுத்துக் காட்டுவது வெறும் கண்கட்டு வித்தை. காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நடப்பது என்ன? வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. நாம் சர்க்கரை தின்றால் அவையும் தின்கின்றன. தின்று, அமிலத்தைக் கக்குகின்றன. பல்லின் மேல் இருக்கும் 'எனாமல்' நம் உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள். எலும்பைவிடக் கடினம்! அதையே இந்த அமிலம் கரைத்துவிடும். நமது எச்சில்தான் அமிலத்தைக் கழுவி, கரைந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்கிறது. அதற்கு நேரம் வேண்டும்.

ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிய விஷயம். ஐந்து மிட்டாயைச் சோறு தின்ற கையோடு தின்றால் பல்லுக்கு ஒரு தடவைதான் அடி. காலை முதல் மாலை வரை ஐந்து தடவையாகத் தின்றால் ஐந்து அடி. பிஸ்கட், சர்க்கரை போட்ட டீ, பாட்டில் பானம் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

தூங்கும்போது எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். கிருமிகளுக்குக் கொண்டாட்டம்! காலையில் பல் தேய்க்காமல் காப்பியைத் தொடக்கூடாது என்று நம் வீடுகளில் கண்டிப்பு உண்டு. நல்ல வழக்கம். ஆனால், இரவில் பாலைக் குடித்துவிட்டு அப்படியே பாயில் சாயும் பிள்ளையை யாரும் கேட்பது இல்லை. ஒருவேளைதான் தேய்க்க முடியும் என்றால், இரவு வேளையை விடாதீர்கள் என்றே நாம் சொல்வோம்.

7, 8 வயது வரை பிள்ளைகள் தாங்களாகச் சரியாகத் தேய்க்க மாட்டார்கள். அம்மாவோ அப்பாவோ கடைசியில் ஒரு தடவை தேய்த்துவிட வேண்டும். ஆறு வயதுப் பல்லுக்குப் பிரஷைக் கன்னத்துப் பக்கமாக நுழைத்து, குறுக்காக வைத்துத் தேய்க்க வேண்டும். புளோரைடு உள்ள பற்பசை போதும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு. 6 வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் முழுவதும் பிதுக்க வேண்டாம். தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். சிறு வயதில் அந்த நீரைக் குடித்தவர்களின் பல் பழுப்பு ஏறி இருக்கும். அங்குள்ளவர்கள் எந்தப் பற்பசை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கறை பல்லுக்கு உள்ளேயே ஊறியது. செங்கல் பொடியும் கரியும் போட்டுத் தேய்த்தால் கறை போகாது, பல்தான் தேயும். புகையிலை கலந்த பற்பொடியைக் கையாலும் தொடாதீர்கள். 1992-ம் ஆண்டிலேயே அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது.

சிரிப்பும் கடைவாயும்

"எப்படியும் விழப்போகிற பால் பல்தானே" என்று அதைக் கெட விடுவதும் தவறு. கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. வரப்போகும் பல்லுக்கு அவை இடம் பிடித்து வைக்கின்றன. அவற்றை முன்னதாகவே பிடுங்கிவிட்டால், பின்னால் இருக்கும் ஆறு வயதுப் பல் முன்னே நகர்ந்து வந்துவிடும். அப்புறம் வருகிற பல்லுக்கு இடம் ஏது? கோணலாக முளைக்கும். பெண்ணுக்குப் பதினைந்து வயதில் பல் வரிசை சரியில்லை என்று கம்பி கட்ட ஓடுகிறோம்.

ஆறு வயதுப் பல் முழுவதும் வெளியே வந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளங்களைப் பிசின் போன்ற மருந்தால் அடைத்துவிடலாம். ஊசி இல்லை, வலி இல்லை. சொத்தை சிறிதாக இருந்தால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். வலி வந்த பிறகு போனால் வேர் சிகிச்சை வரை இழுக்கும். கிராம்புத் தைலம் வலியை மரத்துப்போகச் செய்யும். ஆனால், சொத்தை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்று: மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது சுத்தக் கட்டுக்கதை.

மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-ல் தொடங்கிய திட்டத்தில் பல் சொத்தையும் சேர்ந்திருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த நான்கு பற்களைத் தனியாகப் பார்த்து, பெற்றோருக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். அரை நிமிட வேலை!

டாக்டர்கள் வருகிற நாளில், ஊசி போடுவார்கள் என்று பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பல் பார்ப்பதற்கு ஊசி வேண்டாம். வாயைத் திறந்து காட்டினால் போதும். பள்ளிக்கு அனுப்பி வையுங்கள்.