பெயரால் கெட்ட நாலு நிமிஷம்

மேற்கத்திய செவ்வியல் இசை என்றதும் பலர் ஓடுவதற்குக் காரணம் அதன் நீளம்தான். ஒரு சிம்பொனிக்கு முக்கால் மணி நேரம், ஒரு ஆபராவுக்கு மூன்று மணி நேரம்... யாரால் உட்கார முடியும்? அப்படி ஓடுகிறவர்களுக்கு ஏற்றவை ஜான் ஆடம்ஸின் குட்டிப் படைப்புகள்.

ஆடம்ஸ் 1947-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவிடம் கிளாரினெட் கற்றுக்கொண்டவர், பிறகு கலிஃபோர்னியாவில் குடியேறியவர். பெரிய ஆபராக்களும் எழுதியிருக்கிறார். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராக்கள் அடிக்கடி வாசிப்பது 1986-ல் அவர் எழுதிய 'ஷார்ட் ரைட் இன் எ ஃபாஸ்ட் மெஷின்'. வேக வண்டியில் ஒரு குட்டிப் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் நாலு நிமிஷம் சொச்சம்.

முதலில் ஒரு மரக்கட்டையைத் தட்டும் ஒலி மட்டும். டக் டக் டக் டக்... அவ்வளவுதான். அதன்மேல் குழல்களும் பித்தளை வாத்தியங்களும் ஒவ்வொன்றாக ஏறுகின்றன, ஒவ்வொன்றும் தன் கணக்கில். எது சரியான தாளம் என்று கேட்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். மரக்கட்டை மட்டும் அசைந்து கொடுப்பதில்லை, கண்டிப்பான வாத்தியார் மாதிரி. கடைசியில் அது நின்ற பிறகுதான் டிரம்பெட்டுகள் மூச்சு விட்டு நீளமாய்ப் பாடுகின்றன. அந்த விடுதலைக்காகவே இன்னொரு முறை கேட்கத் தோன்றும்.

இந்த நாலு நிமிஷத்துக்கு வந்த சோதனையைப் பாருங்கள். லண்டனில் பி.பி.சி. நடத்தும் ப்ராம்ஸ் இசை விழாவின் கடைசி இரவில் 1997-ல் இதை வாசிப்பதாக இருந்தது. ஆகஸ்ட் 31 அன்று இளவரசி டயானா கார் விபத்தில் இறந்தார். நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2001-ல் மறுபடி சேர்த்தார்கள். செப்டம்பர் 11 வந்தது, மறுபடி எடுத்துவிட்டார்கள்!

1997-ல் செய்தது புரிகிறது. துக்க வீட்டில் அந்தப் பெயரை அச்சடித்துக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? 2001-ல் கொண்டாட்டமான இசை வேண்டாம் என்று நினைத்திருந்தால் அதிலும் தப்பில்லை. அந்த இரவில் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ' ஒலித்தது. அதுவும் ஓர் அமெரிக்கரின் சின்னப் படைப்புதான், பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டது பெயர்தானே? இசைக்குள் காரும் இல்லை, விமானமும் இல்லை. 'ஃபேன்ஃபேர் எண் 2' என்று பெயர் வைத்திருந்தால் 1997-ல் இவ்வளவு யோசித்திருப்பார்களா? அதே 2001 நவம்பரில் பாஸ்டன் சிம்பொனி, ஆடம்ஸின் 'தி டெத் ஆஃப் க்ளிங்ஹாஃபர்' ஆபராவின் கோரஸ்களை ரத்து செய்தது. அங்கே வார்த்தைகளாவது இருந்தன, வாதாட இடமிருந்தது. இங்கே என்ன இருக்கிறது?

ஆடம்ஸ் மேலும் கொஞ்சம் பழி உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் ஆசையாய் ஏறிவிட்டு, ஏன்தான் ஏறினோமோ என்று நொந்துகொள்கிற அனுபவத்தைச் சொல்லித்தான் அவரே இந்தப் பெயரை விளக்கியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கேட்பவருக்கு கார்தான் தெரியும்.

அதனால் பெயரைப் பார்க்காமல் கேட்டுப் பழகுவது நல்லது. அதே 1986-ல் எழுதிய 'ட்ரோம்பா லொன்டானா' இதற்கு ஜோடி. டெக்சாஸின் 150-வது ஆண்டு விழாவுக்காக எழுதியது. விழா இசை என்றால் முழக்கம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? மேடையின் இரு பக்கமும் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு டிரம்பெட்டுகள், தூரத்திலிருந்து கூப்பிடுவது போல மெல்லப் பேசிக்கொள்கின்றன.

பியானோ மட்டும் போதும் என்பவர்களுக்கு 1977-ல் வந்த 'சைனா கேட்ஸ்' இருக்கிறது, ஐந்து நிமிஷம். ஒரே சீராய் விழும் சுரங்கள், நடுநடுவே சட்டென்று வண்ணம் மாறும். அது வடக்கு கலிஃபோர்னியாவின் மழைக்காலத்தில் எழுதியது என்பதைக் கேட்டு முடித்த பிறகு தெரிந்துகொண்டால் போதும்.